குடும்பத்துக்கு ஒரு மிட்சைஸ் பிக்கப்: பின்சீட்டில் தொடங்கித் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவில் பிக்கப் வாங்கக் கிளம்பும் நம் ஆட்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பிராண்ட், அடுத்து எஞ்சின், அப்புறம் நிறம். குழந்தையின் கார் சீட் ஞாபகத்துக்கு வரும்போது டீலர் மேசையில் பாதிக் கையெழுத்து முடிந்திருக்கும். இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்: பின்சீட், ஏறும் உயரம், சவாரி, எடை, அதற்குப் பிறகுதான் மற்றவை. ஒரு படியில் தேறாத வண்டியை அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டாம். பின்சீட்டில் இடமில்லாத வண்டியை 400 குதிரைத்திறன் எஞ்சின் வந்தாலும் காப்பாற்றாது.

பேசப்போவது மிட்சைஸ், அதாவது நடுத்தர அளவு வண்டிகளை: ஹோண்டா ரிட்ஜ்லைன், டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரலே கொலராடோ, அதன் உடன்பிறப்பான ஜிஎம்சி கேன்யன், நிசான் ஃபிரான்டியர், ஜீப் கிளாடியேட்டர். எண்கள் 2025 மாடலை ஒட்டியவை. டிரிமுக்கு டிரிம் (ஒரே மாடலின் வெவ்வேறு விலை, வசதி நிலைகள்) கொஞ்சம் மாறும், ஆகவே கையெழுத்துக்கு முன் அந்தந்த வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு அளவு டேப். வீட்டில் இருக்கும் எல்லா கார் சீட்டுகளும், ஸ்ட்ரோலரும். குடும்பத்தில் ஒவ்வொருவரின் எடை, பவுண்டில். கராஜின் நீளம், கதவின் உயரம். டிரெய்லர் இழுக்கும் எண்ணம் இருந்தால் அந்த டிரெய்லரின் எடை.

இதெல்லாம் ஏன் முன்கூட்டியே என்றால், டீலர் கடையில் நின்றுகொண்டு யோசிக்க விடமாட்டார்கள். எண் கையில் இருந்தால் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும். இல்லாவிட்டால் "எல்லாம் பொருந்தும் சார்" என்ற பதிலோடு வீடு திரும்புவீர்கள்.

1. ஒரு வருஷத்து வேலையைப் பட்டியலிடுங்கள்

போன வருஷம் "பிக்கப் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்று தோன்றிய நாட்களை எழுதுங்கள். தோட்டத்துக்கு மல்ச், பழைய சோபாவைத் தூக்கிப் போட்டது, கொலுப் படிக்கு பிளைவுட், கேம்பிங், சைக்கிள்கள். பட்டியல் நான்கைந்தில் நின்றால் நேர்மையாகச் சொல்கிறேன், பிக்கப் வேண்டாம். ஹோம் டிப்போவிலேயே சில மணி நேரத்துக்கு டிரக் வாடகைக்குக் கிடைக்கிறது.

செலவுக் கணக்கும் இந்தப் படியிலேயே. மிட்சைஸ் டிரக்குகள் கேலனுக்குச் சுமார் 20 முதல் 24 மைல் தரும். வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டினால், 21 மைல் தரும் ரிட்ஜ்லைனுக்கு ஏறக்குறைய 570 கேலன். 39 மைல் தரும் டொயோட்டா ஆர்ஏவி4 ஹைப்ரிட் எஸ்யூவிக்கு 310 கேலன் கூட ஆகாது. கேலன் 3 டாலர் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 800 டாலருக்குப் பக்கம் கூடுதல். அந்தப் பணத்துக்கு அந்த பெட் (பின்னால் உள்ள திறந்த சாமான் தொட்டி) உங்களுக்கு வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி.

மூன்று குழந்தைகள், மூன்றும் கார் சீட் வயது என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு மினிவேன் பாருங்கள். மிட்சைஸ் பிக்கப்பின் பின்சீட்டில் மூன்று கார் சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

2. நிறுத்த இடமும் பதிவும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 5 அடி பெட் உள்ள நான்கு கதவு வண்டிகள் 210 முதல் 213 அங்குல நீளம். கிளாடியேட்டர் 218. டகோமாவில் 6 அடி பெட் எடுத்தால் சுமார் 226, ஃபிரான்டியரின் நீள பெட்டுக்கு 224. அமெரிக்க கராஜ்கள் பலவும் 20 அடி, அதாவது 240 அங்குல ஆழம். ஆனால் பின்சுவரில் அலமாரியும் வாட்டர் ஹீட்டரும் இருக்கும். சுவரிலிருந்து சுவர் வரை அளக்காமல், காலியாக இருக்கும் தரையை அளங்கள்.

எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருக்கும் இடமென்றால் விதிகளில் பிக்கப் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவ்வேயில் டிரக் நிறுத்தக் கூடாது என்று சில இடங்களில் உண்டு.

மாநிலப் பதிவும் ஒருபடி வேறு. கலிஃபோர்னியாவில் சொந்த உபயோகத்துக்கு வாங்கினாலும் பிக்கப்பை வணிக வாகனமாகத்தான் பதிவார்கள், எடைக் கட்டணம் சேரும். இல்லினாயில் 'பி டிரக்' பிளேட் வாங்க வேண்டும். காரோடு ஒப்பிட்டு வருஷச் செலவு போடும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

3. பின்சீட்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். முதலில் கேப், அதாவது ஆட்கள் உட்காரும் அறை. நான்கு முழுக் கதவுகள் உள்ள கேப் (க்ரூ கேப், டபுள் கேப் என்பார்கள்) மட்டுமே குடும்பத்துக்கு. ஃபிரான்டியர் கிங் கேபில் பின்னால் இருப்பது மடக்குச் சீட்டுகள்தான். இப்போதைய டகோமா எக்ஸ்ட்ராகேபில் பின்சீட்டே கிடையாது, அங்கே சாமான் வைக்கும் இடம். விலை குறைவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் முன்பணம் கட்டிவிட்டு அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் உண்டு.

அடுத்து கால் நீட்டும் இடம். பின்சீட்டில் கிளாடியேட்டர் 38.3 அங்குலம், ரிட்ஜ்லைன் 36.7, கொலராடோ 34.7, ரேஞ்சர் 34.6, டகோமா டபுள் கேப் 33.7, ஃபிரான்டியர் க்ரூ கேப் 33.2. ஒப்பிட்டுப் பார்க்க, பெரிய வண்டியான எஃப்-150 சூப்பர்க்ரூவில் 43.6. ஒன்றிரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். பின்பக்கம் பார்த்த கார் சீட்டை மாட்டும் நாளில்தான் அந்த இரண்டு அங்குலம் எங்கே போனது என்று தெரியும்.

எண்ணை நம்பி நிற்காமல் இப்படிச் சோதியுங்கள். ஓட்டுபவரில் உயரமானவர் யாரோ அவருக்கு வசதியாக முன்சீட்டை வையுங்கள். அந்தச் சீட்டை அசைக்காமல் அதற்குப் பின்னால் பின்பக்கம் பார்த்த கார் சீட்டை மாட்டுங்கள். பலரும் செய்வது இதற்கு நேர்மாறு: கார் சீட்டை மாட்டிவிட்டு, முன்சீட்டை முன்னால் தள்ளி, முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க "பரவாயில்லை, பழகிடும்" என்பார்கள். பழகாது. இரண்டு வயது வரையாவது, முடிந்தால் அந்த கார் சீட்டின் எடை, உயர வரம்பு வரை குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். வருஷக்கணக்கில் அந்த உட்காரலோடுதான் ஓட்டப்போகிறீர்கள்.

டெதர் பட்டையை (கார் சீட்டின் மேல்பக்கத்தை வண்டியோடு கட்டும் பட்டை) தனியாகக் கவனியுங்கள். காரில் சீட்டுக்குப் பின்னால் ஒரு கொக்கி தெரியும், மாட்டினால் முடிந்தது. பிக்கப்பில் சீட்டுக்குப் பின்னால் உடனே கேபின் சுவர் வந்துவிடும். ஆகவே பல வண்டிகளில் பட்டையை ஒரு துணி வளையத்தின் வழியாக நுழைத்து, பக்கத்துச் சீட்டின் வளையத்தில் போய் மாட்ட வேண்டும். எந்த வண்டியில் எப்படி என்பது ஓனர் கையேட்டில் படத்தோடு இருக்கும். கடையிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து ஒருமுறை மாட்டிப் பாருங்கள். விற்பனையாளர் சொல்வதை மட்டும் வைத்து மாட்ட வேண்டாம்.

லேட்ச் கீழ்க் கொக்கிகளுக்கு (கார் சீட்டை மாட்ட வண்டிச் சீட்டிலேயே வரும் கொக்கிகள்) எடை வரம்பு உண்டு. குழந்தையும் கார் சீட்டும் சேர்ந்து 65 பவுண்டைத் தாண்டும் கட்டத்தில் சீட் பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். பக்கிள் எட்டுகிறதா, கார் சீட்டின் அடியில் புதைந்துபோகிறதா என்றும் பாருங்கள்.

பின்சீட்டின் சாய்மானம் வேறு ஒரு குறை. கேபின் சுவரை ஒட்டி இருப்பதால் முதுகு கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும், சாய்க்க முடியாது. பெரியவர்கள் இருபது நிமிடம் உட்கார்ந்தால் தெரியாது, டாலஸிலிருந்து ஹியூஸ்டன் போனால் தெரியும். குடும்பத்தில் யார் பின்னால் உட்காரப் போகிறார்களோ அவரையே உட்கார வைத்துக் கேளுங்கள். பின்னால் ஏசி வென்ட் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். டெக்சஸ், அரிசோனா கோடையில் அது இல்லாமல் குழந்தைகளோடு போக முடியாது.

பாதுகாப்புக்கு ஐஐஎச்எஸ் (வண்டிகளை மோதிச் சோதிக்கும் அமெரிக்கக் காப்பீட்டு அமைப்பு) சோதனை முடிவுகளில் பின்சீட்டுப் பகுதியைத் தனியாகப் படியுங்கள். 2023-ல் அவர்கள் ஐந்து க்ரூ கேப் பிக்கப்களைப் பின்சீட்டில் பொம்மை உட்கார வைத்து மோதிப் பார்த்தார்கள். ஒன்றுகூட 'குட்' வாங்கவில்லை. ஃபிரான்டியருக்கு 'மார்ஜினல்', மற்ற நான்குக்கும் 'புவர்'. அவற்றில் சில அதன்பின் புது வடிவத்தில் வந்துவிட்டன. அதனால் நீங்கள் வாங்கப்போகும் ஆண்டுக்கான முடிவைத் தேடுங்கள், மாடல் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பழைய வண்டி வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

4. ஏறி இறங்கும் உயரம்

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கும் வீடுகளில் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. முழங்கால் வலி உள்ள அம்மா, புடவை கட்டிக்கொண்டு, பியர்லேண்ட் மீனாட்சி கோயில் பார்க்கிங்கில் இந்த வண்டியிலிருந்து இறங்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டு அளங்கள்.

தரையிலிருந்து கதவுக்குக் கீழ் விளிம்பு வரை டேப் வைத்து அளவெடுங்கள். கூட்டத்தில் ரிட்ஜ்லைன் தாழ்வானது. ஆஃப்-ரோடு டிரிம்கள் எல்லாமே உயரம். கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதும் உயரத்துக்குச் சமமாக முக்கியம்: பின்கதவுத் தூணில் கைப்பிடி இருந்தால் வயதானவர்கள் தானே ஏறிவிடுவார்கள்.

பக்கப்படி போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். பாதிதான் உண்மை. குழாய் மாதிரி உருண்டையான படியில் ஈரக் காலோடு வழுக்கும். அகலமான, சொரசொரப்பான தட்டையான படியாக, பின்கதவு வரை நீண்டு வருவதாக இருக்க வேண்டும். குட்டையான படி முன்கதவோடு நின்றுவிடும், உங்களுக்குத் தேவைப்படுவதோ பின்னால்.

5. சவாரி

சொகுசு என்றதும் தோல் சீட்டைத் தொட்டுப் பார்ப்பவர்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதில்லை. பின் சஸ்பென்ஷன் என்ன வகை என்பதுதான் பின்னால் உட்கார்ந்தவர் தூங்குவாரா, துள்ளுவாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

ரேஞ்சர், கொலராடோ, கேன்யன், ஃபிரான்டியர் ஆகியவற்றில் லீஃப் ஸ்பிரிங். லாரிகளின் அடியில் பார்த்திருப்போமே, அந்த அடுக்கு இரும்புப் பட்டை. சுமை தாங்குவதற்காகவே வைத்தது என்பதால் பெட் காலியாக இருக்கும்போது விறைப்பாக நிற்கும். குழியில் இறங்கினால் பின்பக்கம் குதிக்கும். ஒரு குடும்பம் வருஷத்தில் பெரும்பகுதி காலி பெட்டோடுதான் ஓடும்.

டகோமாவில் கவனமாக இருங்கள். 2024-ல் வந்த புது வடிவத்தில் டபுள் கேப் டிரிம்கள் பெரும்பாலானவற்றுக்குச் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது. ஆனால் அடிமட்ட எஸ்ஆர் டிரிமுக்கு இன்னும் லீஃப் ஸ்பிரிங்தான். ஒரே பெயர், ஒரே முகம், சவாரி வேறு. நண்பர் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு மலிவான டிரிமை வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். கிளாடியேட்டரிலும் சுருள் ஸ்பிரிங்தான், ஆனால் முன்னும் பின்னும் ஒரே கட்டையான அச்சு, கழற்றக்கூடிய கூரை. நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கைச் சும்மா சும்மா திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், காற்றுச் சத்தமும் அதிகம். பின்சீட்டு இடத்தில் முதலில் நின்ற வண்டி இந்தப் படியில் பின்தங்குவது இதனால்தான்.

ரிட்ஜ்லைன் மட்டும் வேறு சாதி. தனி இரும்புச் சட்டகத்தின் (ஃபிரேம்) மேல் உடலைப் பொருத்தாமல், கார் போல ஒரே உடலாகக் கட்டியது. பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி சஸ்பென்ஷனில். தினசரி ஓட்டத்துக்கு இந்தக் கூட்டத்தில் அதற்குப் போட்டியே இல்லை என்பது என் முடிவு. "அது உண்மையான டிரக் இல்லை" என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் உங்கள் குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிடப் போவதில்லை.

6. எடைக் கணக்கு

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுவைத் திறன்: கொலராடோ 7,700 பவுண்டு வரை, ரேஞ்சர் 7,500 வரை, டகோமா 6,500 வரை, ரிட்ஜ்லைன் 5,000. குடும்பத்துக்கு முதலில் முட்டுவது இந்த எண் இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள், வெள்ளையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். அதுதான் அந்த ஒரு வண்டிக்கான எண். அதே மாடலில் சன்ரூஃப், பெரிய டிரிம் என்று சேரச் சேர அது குறையும்.

ஒரு கணக்கு போடுவோம். ஸ்டிக்கரில் 1,200 பவுண்டு. அப்பா 180, அம்மா 145, பாட்டி 150, குழந்தைகள் 60, 40. மொத்தம் 575. இரண்டு கார் சீட்டுகள் 40. டீலர் பின்னால் மாட்டிய பக்கப்படியும் பெட் மூடியும் ஒரு 85 என்று வையுங்கள். 700 போயிற்று, மிச்சம் 500.

இப்போது 4,000 பவுண்டு கேம்பிங் டிரெய்லரை மாட்டுகிறீர்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுத்தும், அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதாவது 400 முதல் 600 பவுண்டு. குறைந்தபட்சம் எடுத்தாலே மிச்சம் 100, கூலர் பெட்டியும் நாலு பைகளும் வைத்தால் தீர்ந்தது. அதிகபட்சம் எடுத்தால் 100 பவுண்டு தாண்டிவிட்டது. 6,500 பவுண்டு இழுக்கும் என்று சொல்லி விற்ற வண்டி, 4,000-க்கே வரம்பில் நிற்கிறது. வண்டி இழுத்துவிடும், அது பிரச்சினை இல்லை. பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரம் லேசாகி, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சொன்னபடி கேட்காது.

ஆகவே உங்கள் எண்களை வைத்து இதே கணக்கை எழுதிக்கொண்டு போய், கடையில் நிற்கும் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். இழுக்கும் எண்ணம் இருந்தால் டோ பேக்கேஜ், ஏழு முனை ஒயரிங், பிரேக் கன்ட்ரோலர் இவை இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். அவை இல்லாத வண்டிக்கு விளம்பர எண் பொருந்தாது.

7. எத்தனை சக்கரம் இழுக்க வேண்டும்

மழை மட்டும் பார்க்கும் ஊரா, பனி விழும் ஊரா என்பதைப் பொறுத்தது. தனிச் சட்டகத்தின் மேல் கட்டிய வண்டிகளில் விலை குறைந்தவை பின்சக்கர இழுவை. காலி பெட்டில் பின்சக்கரத்தின் மேல் எடை குறைவு என்பதால் ஈரச் சாலையில் திருப்பத்தில் லேசாக வழுக்கும். ஹியூஸ்டனில் சமாளிக்கலாம், மினியாபொலிஸில் வேண்டாம்.

'4x4' என்று ஒட்டியிருந்தாலே எல்லாச் சாலைக்கும் ஆகும் என்று நினைப்பது பரவலான தவறு. சாதாரண பார்ட்-டைம் அமைப்பில் நான்கு சக்கர இழுவையைக் காய்ந்த தார்ச் சாலையில் போடக் கூடாது, திருப்பத்தில் பற்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். பாதி பனி, பாதி காய்ந்த சாலை என்று மாறி மாறி வரும் காலை நேரத்தில் எதைப் போடுவது என்று ஓட்டுபவர் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். தானே முடிவெடுக்கும் அமைப்பு வேண்டும்: ரிட்ஜ்லைனில் ஆல்-வீல் டிரைவ் எல்லா டிரிமிலும் வருகிறது. மற்றவற்றில் '4ஏ' அல்லது 'ஆட்டோ' என்ற நிலை குமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். அது டிரிமைப் பொறுத்தது.

8. பெட்டும் மூடியும்

5 அடி பெட் போதும். நீளத்தைவிட, உள்ளே சக்கர மேடுகளுக்கு இடையே உள்ள அகலம்தான் வேலைக்கு ஆகும். பிளைவுட் பலகை 48 அங்குல அகலம். ரிட்ஜ்லைனில் இடைவெளி 50 அங்குலம், புது ரேஞ்சரில் 48.2, அதனால் பலகை தரையில் படுக்கும். மற்றவற்றில் 45-ஐ ஒட்டித்தான், மேட்டின் மேல் சாய்த்து வைத்துக் கட்ட வேண்டும்.

காரிலிருந்து மாறுபவர்கள் மறப்பது ஒன்று: டிக்கி கிடையாது. காஸ்ட்கோ பைகள் மழையில் நனையும், பிரேக் அடித்தால் பால் கேன் முன்சுவர் வரை உருளும், சிக்னலில் நின்றால் யாரும் கை விடலாம். மூடியின் விலையை வண்டி விலையோடு சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். துணிச் சுருள் மலிவு, ஆனால் பிளேடுக்கு முன் நிற்காது. மடிக்கும் கெட்டி மூடி விலை அதிகம், பூட்டலாம். டெய்ல்கேட்டும் பூட்டும் வகையா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மூடியைப் பூட்டியதில் அர்த்தமில்லை.

ரிட்ஜ்லைனின் பெட் தரைக்கு அடியில் 7.3 கன அடியில் பூட்டக்கூடிய டிக்கி இருக்கிறது, தண்ணீர் வடிய அடைப்பானோடு. குடும்பத்துக்கு இதைவிட உபயோகமான அம்சம் எந்தப் பிக்கப்பிலும் நான் பார்க்கவில்லை. ஒரே சிக்கல், ஸ்டெப்னியும் அதற்குள்தான். மேலே மல்ச் மூட்டைகளை நிரப்பியபின் டயர் பஞ்சரானால் அத்தனையையும் சாலையோரம் இறக்க வேண்டும்.

9. டிரிமும் டயரும்

டிஆர்டி ஆஃப்-ரோடு, இசட்71, புரோ-4எக்ஸ், டிரெயில்ஸ்போர்ட் என்பவை கரடுமுரடான பாதைக்கான டிரிம்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. பட்டன் பட்டனான டயர் நெடுஞ்சாலையில் இரையும், கொஞ்சம் பெட்ரோலும் குடிக்கும். மண் சாலையே இல்லாத வாழ்க்கைக்கு இந்தப் பணத்தை நடு டிரிமின் சூடாகும் சீட், முன் பார்க்கிங் சென்சார், 360 டிகிரி கேமரா ஆகியவற்றில் போடலாம். பின் கேமரா புது வண்டிகள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. டிரக்கின் பானெட் உயரம் என்பதால் முன்னால் நிற்கும் சின்னக் குழந்தை ஓட்டுபவர் கண்ணில் படாது. முன் கேமராவை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள்.

டகோமாவின் மேல்மட்ட டிஆர்டி புரோவில் அதிர்வைக் குறைக்கும் விசேஷ முன்சீட்டுகள் உண்டு. அவை பருமன் என்பதால் பின்சீட்டின் இடத்தைத் தின்றுவிடும். ஹைப்ரிட் டகோமாவில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அங்கே சாமான் வைக்கும் இடம் போய்விடும். விலை ஏற ஏற வசதி கூடும் என்ற கணக்கு பிக்கப்பில் எப்போதும் வேலை செய்யாது.

10. டெஸ்ட் டிரைவ்

முழுக் குடும்பத்தோடு போங்கள், கார் சீட்டுகள் மாட்டிய நிலையில். டீலர் காட்டும் வழுவழுப்பான சுற்றுப்பாதையில் ஒன்றும் தெரியாது. கான்கிரீட் நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள். கான்கிரீட் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் பின்பக்கம் எப்படித் தட்டுகிறது என்று கேளுங்கள். பிறகு வேகத்தடை, பிறகு கடைப் பார்க்கிங்கில் ஒரு ரிவர்ஸ். பாதியில் ஓட்டுபவர் மாறி, முதலில் ஓட்டியவர் பின்சீட்டுக்குப் போக வேண்டும். வாங்கும் முடிவை எடுப்பவர் பின்னால் உட்கார்ந்தே பார்க்காத குடும்பங்கள் நிறைய.

இரண்டு வண்டிகள் மட்டும் மிஞ்சிய பிறகு, வாடகைக்கு ஒரு வார இறுதி எடுத்துப் பாருங்கள். டுரோ போன்ற தளங்களில் குறிப்பிட்ட மாடலையே தேர்ந்தெடுக்கலாம். இரண்டு நாள் வாடகை, ஐந்து வருஷக் கடனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

11. விலை, கடன், வரி

டீலரிடம் மாதத் தவணையைப் பேசாதீர்கள். எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்: வண்டி, போக்குவரத்துக் கட்டணம், வரி, டீலர் கட்டணம், அவர்களாக மாட்டி வைத்த பொருட்கள். மூன்று கடைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், எண் இறங்கும். கடனுக்கு முதலில் உங்கள் கிரெடிட் யூனியனில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு போங்கள்.

2025 முதல் 2028 வரை, சொந்த உபயோகத்துக்கு வாங்கும் புது வண்டிக் கடனின் வட்டியை வருஷத்துக்கு 10,000 டாலர் வரை வருமானத்தில் கழிக்கலாம். நிபந்தனை, வண்டி அமெரிக்காவில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். தனியாக வரி கட்டுபவருக்கு 1 லட்சம், தம்பதியருக்கு 2 லட்சம் டாலர் வருமானத்துக்கு மேல் இந்தச் சலுகை குறையத் தொடங்கும். லீஸுக்குக் கிடையாது. வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள்: 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 3 என்றால் மெக்சிகோ. ரிட்ஜ்லைன் அலபாமாவிலும் ரேஞ்சர் மிச்சிகனிலும் கொலராடோ மிசூரியிலும் ஃபிரான்டியர் மிசிசிப்பியிலும் பூட்டப்படுகின்றன. டகோமா மெக்சிகோவிலிருந்து வருகிறது, ஆகவே அதற்கு இந்தக் கழிவு இல்லை.

பழைய வண்டி என்றால் மூன்று காரியம். வின் எண்ணைப் போட்டு என்எச்டிஎஸ்ஏ (அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு) தளத்தில் முடிக்காத ரீகால் (குறைக்காக நிறுவனம் திரும்ப அழைத்துச் செய்யும் பழுது) இருக்கிறதா என்று பாருங்கள். பனிக்கு உப்புப் போடும் மாநிலத்திலிருந்து வந்த வண்டியென்றால் மெக்கானிக்கை வைத்து அடிச் சட்டத்தின் துருவைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிட்ஜ்லைன் 1 லட்சம் மைலை நெருங்கினால் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள், இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். டகோமாவுக்கு மறுவிற்பனை விலை அதிகம் என்பதால் மூன்று வருஷப் பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் சில சமயம் சிரிப்பாக இருக்கும். அப்போது புதுசே மேல்.

12. வண்டி வந்த முதல் வாரம்

கார் சீட்டுகளை நீங்களே மாட்டியிருந்தாலும் பயிற்சி பெற்ற ஒரு டெக்னீஷியனிடம் காட்டுங்கள். அருகில் எங்கே பார்க்கிறார்கள் என்பதை என்எச்டிஎஸ்ஏ தளத்தில் தேடலாம். பல இடங்களில் இலவசம். டெதர் பட்டையைத் தவறாக மாட்டியிருப்பது அங்கேதான் பிடிபடும்.

டயர் காற்றைக் கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குச் சரிபாருங்கள். கடைக்கு வந்திறங்கும்போது டயரில் கூடுதல் காற்று இருப்பது வழக்கம், சில சமயம் இறக்காமலே கொடுத்துவிடுவார்கள். "டெஸ்ட் டிரைவில் இவ்வளவு தூக்கிப் போடவில்லையே" என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பக்கப்படியும் பெட் மூடியும் பூட்டிய போல்ட்டுகளைச் சில நூறு மைல் ஓடியபின் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.